பர்மாவின் வளர்ச்சிக் கணக்கு: எங்கே ஏமாறுகிறோம்?

ரங்கூனில் ஒரு பருப்பு மண்டியில் இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து யாராவது சொந்தக்காரர் போனில் பேசினால், நலம் விசாரித்த கையோடு, "உங்க நாடு இப்ப எத்தனை சதவீதம் வளருது மாமா?" என்று கேட்பார்கள். ஒரு எண்ணைச் சொன்னால் போதும், திருப்தியாகிவிடுவார்கள். அந்த எண்ணை எப்படிப் போட்டார்கள் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. இங்குள்ள டீக்கடைப் பேச்சிலும் அதே கதைதான்.

பர்மா நாணயம் கியாட். டாலருக்கு எந்த விலையில் போட்ட கியாட் என்று கேட்காமல் விடுவது எல்லாவற்றிலும் பெரிய தவறு. 2012 ஏப்ரல் வரை ஒரு டாலருக்கு அரசு விலை சுமார் 6 கியாட். தெருவில் அதே டாலர் 800, 1,000 என்று போகும். அச்சுப்பிழை இல்லை, ஆறேதான். ஆறால் பெருக்கினால் ஒரு பர்மா, ஆயிரத்தால் பெருக்கினால் வேறொரு பர்மா. தாய்லாந்துக்கு எரிவாயு விற்று வந்த டாலரைக்கூட அரசுக் கணக்கில் ஆறு ஆறாகத்தான் எழுதினார்கள். அப்படி ஒரு பேரேட்டை நான் எழுதியிருந்தால் முதலாளி அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். 2000-களில் ஆண்டுக்காண்டு 10 சதவீதத்துக்கு மேல் வளர்ச்சி என்று அரசு அறிவித்துக்கொண்டே இருந்தது. மின்சாரமும் சிமெண்டும் அந்த வேகத்தில் செலவாகவில்லையே என்று வெளியிலிருந்து பார்த்தவர்கள் தலையைச் சொறிந்தார்கள். நாங்களோ வீட்டில் மெழுகுவத்தி எரித்துக்கொண்டிருந்தோம்.

2012 ஏப்ரல் 1 அன்று டாலர் 818 கியாட் என்று விலையைத் திறந்துவிட்டார்கள். அத்தோடு இந்த இரட்டை விலை ஒழிந்தது என்று நானும் நம்பினேன். பத்தே வருடம். 2022 ஆகஸ்டில் அரசு விலை 2,100 என்று கட்டிவைக்கப்பட்டது. 2024-இல் தெருவிலை 4,000-ஐத் தாண்டியது. ஏற்றுமதி செய்தவர் தன் டாலரில் ஒரு பங்கை அரசு விலைக்குக் கொடுத்தாக வேண்டும். என் கணக்குப் புத்தகத்தில் இப்போது ஒரே மூட்டை உளுந்துக்கு இரண்டு பத்தி ஓடுகிறது. டாலரில் சொல்லப்படும் எந்தப் பர்மா புள்ளிவிவரத்தைப் பார்த்தாலும், இது எந்தப் பத்தி என்று முதலில் கேளுங்கள்.

இங்கே ஒரு இடைச்செருகல். பர்மாத் தமிழர் ஏன் வங்கியில் போடாமல் நகையாக வாங்கிப் பூட்டுகிறார்கள் என்று சிலர் கேலி செய்வதுண்டு. 1964, 1985, 1987 என்று மூன்று முறை இங்கே நோட்டுகளைச் செல்லாதவை ஆக்கியிருக்கிறார்கள். மூன்றாவது தடவை 25, 35, 75 கியாட் நோட்டுகள் போயின, மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. அதற்குப் பதில் வந்தவை 45, 90 கியாட் நோட்டுகள், ஒன்பதால் வகுபடும் எண்கள்! எங்கள் அத்தை பிஸ்கட் டின்னில் வைத்திருந்த 75 கியாட் கட்டு அப்புறம் பிள்ளைகள் கடை வைத்து விளையாடத்தான் உதவியது. கேலி செய்கிறவர்கள் அந்த டின்னைப் பார்த்ததில்லை.

அடுத்தது தலைக்கணக்கு. தனிநபர் வருமானம் என்றால் மொத்தத்தைத் தலைகளால் வகுப்பது. பர்மாவில் 1983-க்குப் பிறகு 31 வருடம் கணக்கெடுப்பே இல்லை. ஆறு கோடிப் பேர் இருப்பார்கள் என்று குத்துமதிப்பாக வகுத்துக்கொண்டிருந்தார்கள். 2014-இல் எண்ணிப் பார்த்தால் 5 கோடியே 14 லட்சம்தான், அதிலும் சுமார் 12 லட்சம் பேர் நேரில் எண்ணப்படாமல் மதிப்பீடாகச் சேர்க்கப்பட்டவர்கள். அதே மொத்தத்தைப் புதிய தலைக்கணக்கால் வகுத்தால் ஒவ்வொருவர் வருமானமும் நூற்றுக்குப் பதினாறு கூடிவிடுகிறது. யாரும் ஒரு கியாட் அதிகம் சம்பாதிக்கவில்லை. 2024 கணக்கெடுப்பு இன்னும் மோசம்: 5 கோடியே 13 லட்சம் என்று வந்த தொகையில் சுமார் 1 கோடியே 90 லட்சம் பேர் மதிப்பீடு. சண்டை நடக்கிற ஊருக்குள் கணக்கெடுப்பவர் எப்படிப் போவார்?

சதவீதம் மட்டும் பார்த்துவிட்டு எங்கிருந்து என்று கேட்காததும் அதே வகைத் தவறு. உலக வங்கி மதிப்பீட்டின்படி 2021-இல் இந்தப் பொருளாதாரம் சுமார் 18 சதவீதம் சுருங்கியது. மறு ஆண்டு 3 சதவீதம் வளர்ச்சி என்றதும் "பரவாயில்லையே, தேறிட்டீங்க" என்று செய்தி அனுப்பினார்கள். நூறு ரூபாய் 82 ஆனது, அதில் மூன்று சதவீதம் கூடினால் எண்பத்து நாலரை. அந்த 82-இலிருந்து பழைய நூறைத் தொட 22 சதவீதம் வளர வேண்டும்.

ஆனால் எல்லா எண்ணும் பொய் என்று ஒதுக்குவதும் தவறுதான். 2011-க்குப் பிறகான எட்டு ஒன்பது வருடம் உண்மையாகவே நிலைமை மாறியது, கண்ணால் பார்த்தேன். அதற்கு முன் ஒரு சிம் கார்டு வாங்க ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்தவர்கள் உண்டு. 2014-இல் அது 1,500 கியாட்டுக்கு, இரண்டு மூன்று டீ விலைக்கு வந்தது. 2005-இல் 48 சதவீதமாக இருந்த வறுமை 2017-இல் 25 சதவீதத்துக்கு இறங்கியது. அதனால்தான் பிறகு விழுந்தது இவ்வளவு வலிக்கிறது.

கூலியைக் கியாட்டில் பார்த்து ஏமாறுவதும் உண்டு. 2018-இல் குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 4,800 கியாட், அன்றைய விலையில் மூன்றரை டாலர். 2024-இல் படியெல்லாம் சேர்த்து 6,800. கூடிவிட்டதா? தெருவிலையில் ஒன்றே முக்கால் டாலர்கூடத் தேறாது. பர்மாக்காரருக்கு டாலர் எதற்கு என்று கேட்கலாம். சமையலுக்கு ஊற்றுகிற பாமாயில் மலேசியா, இந்தோனேசியாவிலிருந்து வருகிறது, அது டாலரைப் பார்த்தே ஏறும். இங்கே எண்ணெய் வீசைக் கணக்கு. வீசை என்ற நம் சொல்லைத்தான் ஆங்கிலேயர் இந்த அளவைக்கு எழுதிவைத்தார்கள், 1.63 கிலோ. சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு கடைக்கு வருகிறவர்கள் முன்பு ஒரு வீசை கேட்டார்கள். இப்போது கால் வீசை கேட்டுவிட்டு, ஊற்றுகிற கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

வளர்ச்சி முழுக்க உள்ளூர் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். இங்கே மத்பே என்கிற உளுந்தை பர்மியர்கள் அதிகம் சாப்பிடுவதில்லை, பெரும்பகுதி உங்கள் இட்லி மாவுக்குத்தான் கப்பலேறுகிறது. 2017 ஆகஸ்டில் இந்தியா துவரைக்கும் உளுந்துக்கும் இறக்குமதி அளவைக் கட்டுப்படுத்தியபோது இங்கே விலை சரிந்து, அடுத்த வருடம் விவசாயிகள் வேறு பயிருக்கு மாறினார்கள். டில்லியில் ஒரு அறிவிப்பு, பெகு பக்கத்து வயலில் நஷ்டம். அப்புறம் 2021-இல் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து என்று ஐந்து வருட ஒப்பந்தம் வந்ததும்தான் எங்கள் மண்டியில் மூச்சு வந்தது.

நம்மவர் விரும்பிச் செய்கிற தவறு ஒன்று இருக்கிறது. "வெள்ளைக்காரன் காலத்துல பர்மா உலகத்துக்கே அரிசி போட்டது" என்பார்கள். போட்டது, உண்மை, போருக்கு முன் உலகத்திலேயே அதிக அரிசி ஏற்றுமதி செய்த நாடு இதுதான். ஆனால் 1930-களில் நெல் விலை விழுந்தபோது கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் கடன் கொடுத்த செட்டியார்களிடம் இருந்தது சுமார் 6 சதவீத நிலம், 1937-இல் 25 சதவீதம். இதைச் சொன்னால் நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கோபம் வரும். 1960-களில் கடைகளைப் பறிகொடுத்து, கட்டிய துணியோடு கப்பலேறியவர்கள் நாம், அந்த வலி நியாயமானது. அதற்காக அந்தக் காலத்து ஏற்றுமதி எண்ணை எல்லோருடைய செழிப்பாகவும் படிக்க முடியாது.

கடைசியாக, உற்பத்திக் கணக்கில் வராத பணம். தென்கிழக்கே மோல்மேன் ஊர்ப் பக்கம் போனால் புது வீடுகள் எழும்பி நிற்கும், உள்ளே கிழவனும் கிழவியும் மட்டும் இருப்பார்கள். மகன் தாய்லாந்திலோ மலேசியாவிலோ. அவன் உழைப்பு அந்த நாட்டு உற்பத்தியில் சேர்கிறது, பணம் மட்டும் இங்கே வருகிறது. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலாக்கப்போவதாக அறிவித்த பிறகு புறப்பட்டவர்கள் இன்னும் அதிகம். எங்கள் மண்டியில் மூட்டை தூக்கிய நாலு பையன்களில் இப்போது ஒருவன்தான் இருக்கிறான், அவனுக்கு வயது நாற்பத்தைந்து.