ஜிடி பந்தய வரலாற்றை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜிடி என்பது கிராண்ட் டூரிங், அதாவது சாலைக் கார்களை அடிப்படையாகக் கொண்ட பந்தயக் கார்களின் வகை. 2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் வகுப்பில் மூன்றாமிடம் பிடித்தது. அந்தக் காரின் பெயர் போர்ஷே 911 ஜிடி3 கப் என்பதால், அந்த அணி ஜிடி3 பிரிவில் ஓடியது என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் அது ஓடியது இந்த கப் கார்களுக்கென்றே இருந்த, 992 என்று பெயரிடப்பட்ட வகுப்பில். போர்ஷேவின் பட்டியலில் 911 ஜிடி3 என்பது சாலையில் ஓட்டும் கார். ஜிடி3 கப் என்பது எல்லோரும் ஒரே வகைக் காரில் மோதும் தொடர்களுக்காகக் கட்டப்பட்டது. ஜிடி3 ஆர் என்பதுதான் சர்வதேச ஜிடி3 விதிகளுக்கு உட்பட்டுப் பிற நிறுவனங்களின் கார்களோடு மோதும் கார். மூன்றும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளே என்றாலும் மூன்றும் வேறு வேறு பள்ளிக்கூடத்தில் படிக்கின்றன.

இந்தப் பெயர்க் குழப்பம் காலவரிசையை எழுதும்போது இன்னும் மோசமாகிறது. ஜிடி1, ஜிடி2, ஜிடி3 ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்த தலைமுறைகள் என்று கருதுவது பரவலான பிழை. எஃப்ஐஏ ஜிடி என்னும் சர்வதேசத் தொடரில் 1990களின் ஜிடி1 பிரிவு 1998 பருவத்தோடு முடிந்தது. அதற்குக் கீழே இருந்த ஜிடி2 மட்டும் எஞ்சி, 2000 முதல் வெறுமனே ஜிடி என்று அழைக்கப்பட்டு, 2005இல் ஜிடி1 என்ற பெயரைப் பெற்றது. ஆகவே 2005இன் ஜிடி1, 1998இன் ஜிடி1-இன் வாரிசு அல்ல. முந்தைய ஜிடி2-இன் வாரிசு. 2005இல் ஜிடி2 என்று பெயர் பெற்ற பிரிவோ அதுவரை என்-ஜிடி என்று அறியப்பட்டது. பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை நடத்தும் அமைப்பினரின் விதிகளில் அது 2011 முதல் ஜிடிஇ ஆயிற்று. ஜிடி3 இந்த வரிசையில் எதிலிருந்தும் கிளைத்ததல்ல. செலவைக் கட்டுக்குள் வைத்து, தொழில்முறை சாராத ஓட்டுநர்களுக்கும் இடமளிக்க பந்தயத் தொடர் அமைப்பாளர் ஸ்டெஃபான் ரட்டேல் 2006இல் தனியாகத் தொடங்கிய பிரிவு அது. கடைசியில் தன்னைவிட மேலிடத்தில் இருந்த எல்லாவற்றையும் அதுவே விழுங்கியது: நெடுநேரப் பந்தயங்களுக்கான உலக எண்ட்யூரன்ஸ் தொடரில் 2023 பருவத்தோடு ஜிடிஇ மறைந்து, 2024இல் ஜிடி3 கார்களுக்கான எல்எம்ஜிடி3 வந்தது. ஆண்டைக் குறிப்பிடாமல் பிரிவின் பெயரை மட்டும் எழுதும் கட்டுரையை நான் பொதுவாக நம்புவதில்லை.

அடுத்த தவறு, உற்பத்திக் காரை அடிப்படையாகக் கொண்டது என்றால் கடையில் வாங்கும் காரைச் சற்றே மாற்றியது என்று பொருள் கொள்வது. விதிகள் கேட்டது பெரும்பாலும் இத்தனை கார்கள் கட்டப்பட வேண்டும் என்ற ஓர் எண்ணிக்கையைத்தான். அந்த எண்ணிக்கையை யார் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதே இந்த வரலாற்றின் சுவையான பகுதி. 1962இல் ஃபெராரி 250 ஜிடிஓ களமிறங்கியபோது ஜிடி பிரிவுக்கு 100 கார்கள் தேவைப்பட்டன. ஆனால் மூன்று லிட்டர் எஞ்சினோடு கட்டப்பட்டவை மொத்தமே 36. ஆய்வாளர்களை ஏமாற்ற ஒரே காரை இடம் மாற்றி மாற்றிக் காட்டினார்கள் என்ற கதை சுவையாக இருப்பதால் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. உண்மைக் காரணம் காகிதத்தில் இருக்கிறது: ஏற்கெனவே அங்கீகாரம் பெற்றிருந்த 250 ஜிடி காரின் புதிய வடிவமாகவே அது ஏற்கப்பட்டது. அதே வாதத்தை, எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் கொண்ட 250 எல்எம் காருக்கும் ஃபெராரி முன்வைத்தபோது அது எடுபடவில்லை. மறுக்கப்பட்ட அந்தக் கார் 1965இல் ப்ரோட்டோடைப்பாக, அதாவது பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட கார்களின் பிரிவில், ஓடி லே மானையே வென்றது வேறு கதை.

பிற்காலத்தில் திசையே தலைகீழானது. சாலைக் காரிலிருந்து பந்தயக் கார் பிறப்பதற்குப் பதிலாக, பந்தயக் காருக்கு அனுமதி வாங்குவதற்காகச் சாலைக் கார் பிறந்தது. 1994இல் லே மானை வென்ற டாவர் 962, குரூப் சி என்னும் பிரிவின் ப்ரோட்டோடைப்பான போர்ஷே 962-ஐச் சாலைக்கு ஏற்றதாக மாற்றி, அந்தத் தகுதியைக் கொண்டு ஜிடி பிரிவில் நுழைந்தது. மெர்சிடிஸ் சிஎல்கே ஜிடிஆர் 1997இல் பந்தயத்தில் ஓடத் தொடங்கிய பிறகே அதன் சாலைக் கார்கள் வாடிக்கையாளர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. 1998இல் எஃப்ஐஏ ஜிடியின் பத்துச் சுற்றுகளையும் மெர்சிடிஸே வென்றபோது, ஜிடி1 பிரிவில் தொடர மற்றவர்களுக்குக் காரணம் எஞ்சவில்லை. 2001 அமெரிக்க லே மான் தொடரில் பிஎம்டபிள்யூ எம்3 ஜிடிஆர் நான்கு லிட்டர் வி8 எஞ்சினோடு ஓடியது. கடையில் விற்ற எம்3-இல் இருந்ததோ ஆறு சிலிண்டர் எஞ்சின். அடுத்த பருவத்துக்கு 100 கார்களும் 1,000 எஞ்சின்களும் வேண்டும் என்று விதி மாறியதும் அந்தக் கார் அங்கிருந்து விலகிக்கொண்டது. இதையெல்லாம் மோசடி என்று ஒரே சொல்லில் முடிப்பதும் பிழைதான். பெரும்பாலானவை விதியின் சொற்களுக்கு உள்ளேயே நின்று செய்யப்பட்டவை.

பந்தயக் கார் சாலைக் காரைவிட எல்லா வகையிலும் வலிமையானது என்று எழுதுவதும் ஆபத்தானது. 1995இல் லே மானை வென்ற மெக்லாரன் எஃப்1 ஜிடிஆர், எஞ்சினுக்குள் நுழையும் காற்றைக் கட்டுப்படுத்தும் ரெஸ்ட்ரிக்டரின் காரணமாக, 627 குதிரைத்திறன் கொண்ட தன் சாலை வடிவத்தைவிடக் குறைந்த திறனோடுதான் ஓடியது. பென்ட்லி கான்டினென்டல் சாலையில் நான்கு சக்கர இயக்கம் கொண்ட கனத்த கார். அதன் ஜிடி3 வடிவமோ ஏறத்தாழ ஒரு டன் இலகுவானது, பின்சக்கர இயக்கம் மட்டுமே கொண்டது. ஜப்பானின் சூப்பர் ஜிடி தொடர் இன்னும் ஒரு படி மேல். 2019 நவம்பரில் ஃபூஜி பந்தயப் பாதையில் சூப்பர் ஜிடி கார்களும் ஜெர்மனியின் டிடிஎம் தொடர் கார்களும் சேர்ந்து ஓடிய இரண்டாவது பந்தயத்தை நரேன் கார்த்திகேயன் ஹோண்டா என்எஸ்எக்ஸில் வென்றார். சாலையில் அந்தப் பெயரைத் தாங்கிய கார் வி6 எஞ்சினும் மின்மோட்டார்களும் கொண்ட ஹைப்ரிட். அவர் ஓட்டியதில் இருந்தது இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ. அடுத்த ஆண்டே, சூப்பர் ஜிடியின் மேல் வகுப்பான ஜிடி500-இல் ஓடிய என்எஸ்எக்ஸின் எஞ்சின் முன்பக்கத்துக்குப் போய்விட்டது. சாலைக் காரில் அது இருந்த இடத்திலேயே இருந்தது.

கடைசியாக, பந்தய முடிவை வைத்து எந்த நிறுவனத்தின் கார் சிறந்தது என்று தீர்ப்பளிப்பது. இன்றைய ஜிடி3 பந்தயங்கள் பேலன்ஸ் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ் என்னும் சமன்படுத்தல் முறையில் நடக்கின்றன: வேகமான காருக்கு எடை கூட்டப்படும், டர்போ அழுத்தமோ காற்று வழியோ குறைக்கப்படும், பின்தங்கும் காருக்குச் சலுகை கிடைக்கும். ஜிடிஇ காலத்திலும் இது உண்டு. 2016 லே மானில் தகுதிச் சுற்று முடிந்து பந்தயம் தொடங்குவதற்கு முன்பே ஃபோர்டு ஜிடியின் டர்போ அழுத்தம் குறைக்கப்பட்டு எடை கூட்டப்பட்டது. அப்படியும் தன் வகுப்பில் வென்றது ஃபோர்டுதான். எல்எம்ஜிடி3-இலோ சக்கரங்களுக்குப் போகும் முறுக்குவிசையையே சென்சார் வைத்து அளக்கிறார்கள். எனவே ஒரு குறிப்பிட்ட பந்தயத்தில் ஒரு காரின் திறனையும் எடையையும் எழுத விரும்புகிறவர், நிறுவனத்தின் விளம்பரக் கையேட்டை மூடிவைத்துவிட்டு, அந்தப் பந்தயத்துக்கென்று வெளியான சமன்படுத்தல் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.