வால்பாறைக்கு கார்ல கிளம்புறீங்களா? மொதல்ல டிக்கிய திறந்து ஸ்டெப்னிய பாருங்க

சென்னைல இருந்து வால்பாறை 550 கிலோமீட்டருக்கு மேல வரும். திண்டிவனம், உளுந்தூர்பேட்டை, சேலம், அவிநாசி, பல்லடம்னு பொள்ளாச்சி வரைக்கும் பெரும்பாலும் நல்ல ரோடுதான், வழில எதாவது ஆனாலும் பக்கத்துலயே பஞ்சர் கடை, மெக்கானிக்னு யாராவது கிடைச்சிடுவாங்க. ஆழியார் தாண்டினதும் கதையே வேற. 40 கொண்டை ஊசி வளைவு, சுத்தி காடு, பாதி இடத்துல போன்ல டவர் இருக்காது. அதனால பொருள் எல்லாம் இந்த கடைசி 40 கிலோமீட்டர நெனச்சுதான் எடுத்து வைக்கணும்.

நான் மொத தடவ போனப்ப டிக்கி நெறைய சாமான் வாங்கி அடுக்கிட்டு போனேன், அட்டகட்டிக்கு கொஞ்சம் முன்னாடி பின் டயர் போச்சு, ஜாக்கி இருக்கு ஸ்பேனர் இருக்கு ஆனா நட்டு ஒண்ணுகூட அசையல, ஏன்னா கிளம்புறதுக்கு முந்துன வாரம் அலைன்மென்ட் பாத்த கடைல ஏர் கன் வச்சு முறுக்கி விட்டுட்டாங்க. ஸ்பேனர் மேல ஏறி நின்னு மிதிச்சு ஒரு வழியா கழட்டி ஸ்டெப்னிய எடுத்தா அதுலயும் காத்து இல்ல. எஸ்டேட் ஜீப்ல வந்த அண்ணன் ஒருத்தர் கால் பம்ப் குடுத்து காப்பாத்தினார். குழந்தைங்கள வச்சுகிட்டு யானை நடமாடுற ரோட்ல ரெண்டு மணி நேரம் நின்ன பயம் இன்னும் போகல, அதனாலதான் இவ்ளோ நீட்டி சொல்றேன்.

கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி ஞாயித்துக்கிழமை காலைல வீட்டு பார்க்கிங்லயே ஒரு வீல கழட்டி ஸ்டெப்னி மாட்டி பாருங்க. சமதரையா நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கழட்டுற வீலுக்கு குறுக்கால இருக்குற வீலுக்கு கல்லு முட்டு குடுங்க. நட்ட எல்லாம் வீல் தரைல இருக்கும்போதே அரை சுத்து தளர்த்திடணும், தூக்கினப்புறம் முறுக்கினா வீல் சுத்தும், வண்டி ஜாக்கிய விட்டு நழுவும். ஜாக்கி வைக்க அடில தனியா ஒரு இடம் இருக்கும், மேனுவல்ல படம் போட்ருப்பாங்க. திரும்ப மாட்டும்போது ஒரு நட்டு, அதுக்கு எதிர் நட்டுன்னு மாத்தி மாத்தி முடுக்குங்க. நட்டு வரலன்னா வீட்லயே தெரிஞ்சிடும், அப்ப கடைக்கு போயி தளர்த்தி கையாலயே முடுக்கி தர சொல்லுங்க. கம்பெனி குடுக்குற ஸ்பேனர் கைப்பிடி ரொம்ப சின்னது, நீட்டி இழுக்குற மாதிரி ஸ்பேனர் ஒண்ணு வாங்கிக்கோங்க, நான் வாங்கினதுலயே உருப்படியான பொருள் அதுதான்.

டயர் சைடுல டிஓடின்னு ஆரம்பிக்கிற எழுத்துக்கு கடைசில நாலு நம்பர் இருக்கும், 2321ன்னு இருந்தா 2021ல 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். அஞ்சாறு வருஷம் ஆச்சுன்னா கடைல காட்டி ஒரு வார்த்த கேட்டுக்கோங்க. பட்டன் (ரோட்ட புடிக்கிற டயர் வரிப்பள்ளம்) ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் சட்டப்படி கடைசி எல்லை, மலைல மழை பெய்றப்ப அதுவே பத்தாது.

அடுத்து 12 வோல்ட் ஏர் பம்ப். சிகரெட் லைட்டர் சாக்கெட்ல சொருகுறது, இன்ஜின ஓட விட்டுட்டு போடுங்க இல்லன்னா பேட்டரி எறங்கிடும். கூடவே ட்யூப்லெஸ் பஞ்சர் கிட். ஆணிய புடுங்கி, அரம் மாதிரி இருக்குறத உள்ள விட்டு ஓட்டைய தேய்ச்சு, ஸ்ட்ரிப்ப (ஓட்டைய அடைக்கிற ரப்பர் திரி) ஊசில கோத்து முக்கால்வாசி உள்ள தள்ளி வெடுக்குன்னு இழுத்தா ஸ்ட்ரிப் உள்ளயே நின்னுடும், மிச்சத்த வெட்டிட்டு சோப்பு தண்ணி தெளிச்சு குமிழி வருதான்னு பாருங்க. டயர் சைடு கிழிஞ்சா இது வேலைக்கு ஆகாது, ஸ்டெப்னி மட்டும்தான்.

மத்தது எல்லாம் சுருக்கமா சொல்லிடுறேன். சிவப்பு ரிஃப்ளெக்டர் முக்கோணம், தலைல மாட்டுற டார்ச் (ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கும், போன் லைட்ட வாயில கவ்விகிட்டு நட்டு கழட்ட முடியாது), ஜம்பர் கேபிள் (பேட்டரி எறங்கினா இன்னொரு வண்டி பேட்டரில இருந்து கரன்ட் எடுக்க), ரெண்டு மூணு ஃப்யூஸ், கூலன்ட் ஒரு பாட்டில், முதலுதவி பெட்டி. வைப்பர் ரப்பர் காஞ்சிருந்தா மாத்திடுங்க, கவர்க்கல் பக்கம் பகல்லயே பனி மூடி முன்னாடி போற பஸ் தெரியாது, அப்ப ஹை பீம் போடாதீங்க, வெளிச்சம் நம்ம கண்ணுலயே திருப்பி அடிக்கும்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7ல இருந்து இ-பாஸ் இருக்குல்ல, வால்பாறைக்கும் 2025 நவம்பர்ல இருந்து வந்துடுச்சு, கிளம்புறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல எடுத்துடுங்க. மேப்ப ஆஃப்லைன்ல டவுன்லோட் பண்ணிக்கோங்க. ஃபாஸ்டேக்ல பணம் இருக்கான்னு பாத்துக்கோங்க, நேஷனல் ஹைவேல உதவி வேணும்னா 1033, ஆம்புலன்ஸ்க்கு 108.

ராத்திரி பொள்ளாச்சில தங்கி டேங்க் ஃபுல் பண்ணிட்டு காலைல ஏறுங்க. வாந்தி வர்றவங்களுக்கு வயிறு முட்ட பொங்கல் வடை வேணாம், ரெண்டு இட்லி போதும், எலுமிச்சம்பழம் கைல குடுத்துடுங்க. ஒம்பதாவது வளைவு பக்கம் வரையாடு நிக்கும், வண்டிய ஓரங்கட்டி பாருங்க, தீனி மட்டும் போடாதீங்க. புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குக்கும் அதேதான், ஒருத்தர் போடுற பிஸ்கட்டுக்காக அதுங்க ரோட்டுக்கு வந்து வண்டில அடிபடுது, பாக்க மனசு தாங்கல.

எறங்கும்போது எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர்ல எறங்குங்க, பெரும்பாலும் ரெண்டாவது. பிரேக்கயே மிதிச்சுகிட்டு வந்தா சூடாகி கருகுன வாசம் வரும், வந்தா ஓரமா நிறுத்தி கால் மணி நேரம் ஆற விடுங்க, தண்ணி ஊத்தாதீங்க. மேல ஏறி வர்ற வண்டிக்கு வழி விட்டு நில்லுங்க.

ஸ்டெப்னி மாட்டித்தான் கீழ வந்திருக்கீங்கன்னா ஆழியார்லயோ பொள்ளாச்சிலயோ பழைய டயர ஒட்ட குடுத்துட்டு அங்கயே சாப்பிடுங்க. நெறைய காருக்கு இப்ப சின்ன சைஸ் ஸ்டெப்னிதான் வருது, அதுமேலயே 80ன்னு ஸ்பீடு லிமிட் எழுதியிருக்கும், அத வச்சு சென்னை வரைக்கும் ஓட்டக்கூடாது.