இருக்கிற ஆளை வைத்துக்கொண்டு நோக்கம் தேடுவது எப்படி

"என் வாழ்க்கையின் நோக்கம் என்ன?" என்று தாளின் தலையில் எழுதிவிட்டு உட்கார்ந்தால் பெரும்பாலும் ஒன்றும் வராது. வந்தாலும் "நாலு பேருக்கு நல்லது பண்ணணும்" என்பதோடு நின்றுவிடும். ஏனென்றால் பலரும் நோக்கம் தேடுவது, தைரியமான, சோம்பலே இல்லாத, பத்து வயது குறைந்த வேறொரு ஆளுக்கு. அடுத்தவர் அளவுக்குத் தைத்த சட்டை நமக்கு எப்படிப் பொருந்தும்? முதலில் இருக்கிற ஆளை அளவெடுக்க வேண்டும். அதற்கு நாலு வாரம் பிடிக்கும்.

80 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று, பேனா, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 20 நிமிடம் போதும். போனில் எழுத வேண்டாம். ஒரு மெசேஜ் வந்தால் அந்த 20 நிமிடமும் அதன் பின்னால் போய்விடும். காலையில் எழுதுவதும் சரிப்படாது. காலையில் கை தானாகத் தீர்மானங்களை எழுத ஆரம்பிக்கும்; நமக்கு வேண்டியது அன்று நடந்தது.

முதல் வாரம் பக்கத்தின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் அன்று உங்களுக்கு உறுத்தியதை எழுதுங்கள், வலப்பக்கம் அதற்காக உங்களை நீங்களே என்ன சொல்லித் திட்டிக்கொண்டீர்கள் என்பதை. ஒரு நாளைக்கு மூன்று போதும். உதாரணமாக, இடப்பக்கம்: "அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்க மறந்துட்டேன்." வலப்பக்கம்: "எதுக்கும் லாயக்கில்லாதவன்." மறுநாள் வலப்பக்கத்தை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, கீழே தெரிந்த உண்மையை மட்டும் எழுதுங்கள்: "வெள்ளிக்கிழமை ஓவர்டைம். அன்னிக்குத்தான் மறதி." திட்டு ஒரு முழு ஆளையே தள்ளுபடி செய்கிறது, உண்மை ஒரு வெள்ளிக்கிழமையைக் காட்டுகிறது. வெள்ளிக்கிழமைக்கு வழி உண்டு, மாத்திரையை வியாழனே வாங்கிவிடலாம்.

இங்கே அதிகம் நடக்கும் தவறு, திட்டை இடப்பக்கத்திலேயே எழுதிவிடுவது. "சோம்பேறித்தனமா இருந்தேன்" என்பது நடந்தது அல்ல, தீர்ப்பு. "ஏழு மணிக்கு அலாரத்தை நிறுத்திட்டு எட்டரை வரைக்கும் படுத்திருந்தேன்" என்பதுதான் நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால் அது வலப்பக்கத்துச் சங்கதி.

ஏழு நாளில் 21 பதிவுகள் சேரும். அவற்றில் மாறவே மாறாதவற்றை (வயது, பிறந்த வீடு, ஒரு காது கேட்காதது, விட்டுப்போன படிப்பு) தனிப் பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். அந்தப் பக்கத்தில் "ஆனால்" என்ற சொல்லுக்குத் தடை. "பேச ஆசை, ஆனால் கை நடுங்கும்" என்று எழுதினால் நடுக்கம் பேச்சை விழுங்கிவிடும். "கை நடுங்கும், பேசவும் செய்வேன்" என்று எழுதினால் இரண்டுக்கும் இடம் இருக்கும். சின்ன இலக்கண வேலைதான். ஆனாலும் இந்த ஒன்றுதான் நிறையப் பேருக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஜப்பானிய மனநல மருத்துவர் ஷோமா மொரிட்டா (1874–1938) உருவாக்கிய சிகிச்சை இந்த வழியில்தான் போகிறது. பதற்றத்தோடு வருகிறவரை முதல் சில நாட்கள் வேலை, பேச்சு எதுவும் இல்லாமல் தனியே படுக்கவிடுவார். பிறகு சின்ன வேலைகள், பிறகு கடினமான வேலைகள், கூடவே டைரி. உணர்ச்சி நாம் சொல்கிறபடி கேட்காது, கைகால் கேட்கும் என்பது அவர் கணக்கு. பயம் போன பிறகு செய்யலாம் என்று காத்திருப்பவர் காத்துக்கொண்டேதான் இருப்பார்.

இன்னொரு எச்சரிக்கை. இருக்கிற ஆளை ஏற்றுக்கொள்வது என்றால் "நான் அப்படித்தான், பிடிச்சா இரு, இல்லேன்னா போ" என்பது கிடையாது. கோபத்தில் பிள்ளையை அடித்தது மாறாத பக்கத்துக்குப் போகக்கூடாது.

இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் கேள்வி மாறும். தினமும் இரண்டு வரி: யாரும் சொல்லாமல் இன்று என்ன செய்தேன்? என்னிடம் யார், எதற்காக வந்தார்கள்? பேங்க் ஃபார்ம் நிரப்ப மூன்று பேர் வந்திருக்கலாம்; சண்டை போட்ட அண்ணன் தம்பி இருவரும் உங்களிடமே புலம்பியிருக்கலாம். பொறாமையையும் எழுதுங்கள். சொல்லக் கூச்சமாக இருக்கும், ஆனால் இதைப்போல் துப்புக் கொடுப்பது வேறில்லை. நண்பர் கடை திறந்ததில் உறுத்தியது பணமா, முதலாளி நாற்காலியா, தன் கையால் ஒன்றைச் செய்து விற்பதா? மூன்றும் மூன்று திசை.

பதினான்கு நாள் முடிந்ததும் திரும்பத் திரும்ப வருகிற வினைச்சொற்களை வட்டமிடுங்கள்: விளக்குவது, சரிசெய்வது, சமைப்பது, சேர்த்துவைப்பது. அவற்றிலிருந்து இரண்டு மூன்று வாக்கியங்கள் தேறும். ஒவ்வொன்றிலும் யாருக்கு, என்ன, எப்படி என்ற மூன்றும் இருக்க வேண்டும். "கல்விச் சேவை" உதவாது. "எங்கள் தெருவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கைப் பொறுமையாகச் சொல்லித் தருவது" உதவும்.

இதிலிருந்தே சம்பளமும் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இகிகாய் (ஜப்பானிய மொழியில் வாழப் பிடிப்பு) என்ற பெயரில் சுற்றும் நாலு வட்டப் படம் பலரை இங்கேதான் குழப்புகிறது; பிடித்தது, திறமை, உலகுக்குத் தேவை, சம்பளம் நாலும் சந்திக்கும் இடமே நோக்கம் என்கிறது அது. உண்மையில் அது ஸ்பெயின்காரர் ஒருவர் வரைந்த நோக்கப் படம். 2014இல் வேறொருவர் அதில் இகிகாய் என்ற சொல்லைப் போட, ஜப்பானியத் தத்துவம் என்று பரவிவிட்டது. 1966இல் இகிகாய் பற்றி விரிவாக எழுதிய மனநல மருத்துவர் மியெகோ கமியா, நாகஷிமா தீவின் தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றியவர். அங்கே அடைபட்டிருந்தவர்களில் சிலருக்கு வாழப் பிடிப்பு இருந்தது, சிலருக்கு இல்லை. அந்த வித்தியாசத்தைத்தான் அவர் ஆராய்ந்தார். சம்பளத்துக்கு அங்கே பேச்சே இல்லை.

நாலாவது வாரம் சோதனை. ஒரு வாக்கியத்தை எடுத்து இரண்டு மணி நேரம், 500 ரூபாய்க்குள், மூன்று தடவை செய்யுங்கள். மூன்றையும் ஒரே வாரத்தில் முடிக்க முடியாவிட்டால் நாட்கள் கூடட்டும். வேலையை விடாதீர்கள், ஸ்டேட்டஸ் போடாதீர்கள். ஊரே கைதட்டிவிட்டால் பிறகு பிடிக்காவிட்டாலும் நிறுத்த முடியாது. முதல் தடவை புதுசு என்பதால் இனிக்கும், இரண்டாவது தடவை சலிக்கும். மூன்றாவது தடவைக்குக் கிளம்பும்போது மனம் சாக்குத் தேடுகிறதா, செருப்பைத் தேடுகிறதா என்று பாருங்கள். சாக்கு என்றால் அந்த வரியை அடித்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

இரண்டு வாரமாகத் தூக்கமோ பசியோ கெட்டு, எதிலுமே நாட்டம் இல்லாமல் இருந்தால் இந்த நோட்டை மூடிவைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் 14416 என்ற இலவச டெலிமனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.