தசமபாகம்: ஒரே வசனத்தோடு நிறுத்திக்கொள்வதால் வரும் தவறுகள்

தசமபாகத்தை, அதாவது பத்தில் ஒரு பங்கை, ஆலயத்துக்குக் கொண்டுவந்தால் ஆசீர்வாதம் பொழியும் என்று சொல்லும் மல்கியா 3:10ஐக் காணிக்கை நேரத்தில் கேட்காத சபை விசுவாசி இருப்பாரா என்பது சந்தேகம்தான். "வானத்தின் பலகணிகளைத் திறந்து" என்று போதகர் ஆரம்பித்தாலே, மீதியைச் சபையே சொல்லி முடித்துவிடும். தசமபாகம் கொடுப்பவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அதைப் பற்றி நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி, இந்த ஒரு வசனத்தோடு வேதாகமத்தை மூடிவைப்பதால் வருபவை.

மல்கியாவையே எடுத்துக்கொள்வோம். "மனுஷன் தேவனை வஞ்சிக்கலாமா?" என்ற கேள்வி ஜனங்கள் எல்லாரையும் பார்த்துக் கேட்கப்பட்டது, சரி. ஆனால் அதே புத்தகத்தின் 2ஆம் அதிகாரம் ஆசாரியர்களைத்தான் பெயர் சொல்லிக் கண்டிக்கிறது. 3:5இல் கூலிக்காரனின் கூலியை அபகரிப்பவர்களுக்கும், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குபவர்களுக்கும் நியாயத்தீர்ப்பு சொல்லப்படுகிறது. இதையெல்லாம் தாண்டிக் குதித்து, பத்தாம் வசனத்தில் மட்டும் இறங்கினால், கண்டனம் முழுவதும் கொடுப்பவன் தலையில் விழுகிறது, வாங்குபவன் தப்பிவிடுகிறான்.

அடுத்தது, சம்பளத்தில் பத்து சதவீதம் என்பதே மோசேயின் சட்டம் என்று நினைப்பது. லேவியராகமம் 27 பேசுவது நிலத்தின் விளைச்சலையும் ஆடுமாடுகளையும் பற்றி. மந்தை கோலின்கீழ் கடந்துபோகும்போது பத்தாவதாக வருவது கர்த்தருக்கு. நல்லதா இளைத்ததா என்று பார்க்கக் கூடாது. அப்படியானால் ஒன்பது ஆடு மட்டுமே வைத்திருப்பவனுக்குப் பத்தாவது ஆடே கிடையாது! கூலியில் பத்தில் ஒன்றை எடுக்கச் சொல்லும் கட்டளை மோசேயின் நியாயப்பிரமாணத்தில் இல்லை. ஆக, பிடித்தம் போவதற்கு முன்னாலா பின்னாலா என்று நடக்கும் விவாதத்துக்கு வேதத்தில் பதில் தேடுவது வீண்.

உபாகமம் 14:22-29 பிரசங்கங்களில் அரிதாகவே வருகிறது. ஏன் என்று படித்தால் புரியும். அங்கே தசமபாகத்தைக் கொடுத்தவனே சாப்பிடுகிறான்! கர்த்தர் தெரிந்துகொண்ட இடத்துக்குக் குடும்பத்தோடு போய், தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் வைத்து அவர் சந்நிதியில் விருந்து கொண்டாட வேண்டும். வழி தூரமா? விற்றுப் பணமாக்கி எடுத்துப் போய், அங்கே மனம் விரும்பியதை வாங்கிக்கொள்ளலாம். ஊரில் உள்ள லேவியனை (ஆலய ஊழியத்துக்கென்று பிரிக்கப்பட்ட கோத்திரத்தானை) மட்டும் கைவிடக் கூடாது. மூன்றாம் வருஷத்தின் பங்கு வேறு மாதிரி: அதை ஊர் வாசலிலேயே வைத்துவிட வேண்டும். லேவியனும் பரதேசியும் (அந்நியனும்) திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து திருப்தியாகச் சாப்பிடுவார்கள். எண்ணாகமம் 18 சொல்லும் லேவியரின் பங்கோடு இதையும் சேர்த்து, வெவ்வேறு தசமபாகங்களாகவே யூத மரபு எண்ணுகிறது. 'பத்து சதவீதம்' என்ற நேரான கணக்கு அங்கேயே உடைந்துவிடுகிறது.

இதை மறந்த சபையில்தான், வீட்டு வாடகைக்கே வழியில்லாத விதவையிடம் "முதலில் தசமபாகம், அப்புறம் மற்றது" என்று சொல்லப்படுகிறது. அவள் அந்தப் பங்கைக் கொடுக்க வேண்டியவள் அல்ல, வாங்க வேண்டியவள். ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் போட்ட இரண்டு காசை உதாரணம் காட்டுபவர்கள், மாற்கு 12இல் அதற்குச் சற்று முன்னாலேயே, விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கும் வேதபாரகரை (நியாயப்பிரமாண போதகர்களை) இயேசு கண்டிப்பதையும் சேர்த்து வாசிக்கட்டும்.

ஆதிச் சபையிலிருந்தே இது தொடர்ந்து கட்டாயமாக இருந்தது என்பதும் சரியல்ல. மேற்கு ஐரோப்பாவில் 585இல் மாக்கோன் நகரில் கூடிய ஆயர்களின் சங்கம் கொடுக்காதவர்களைச் சபைக்கு வெளியே தள்ளுவதாக எச்சரித்தது. 8ஆம் நூற்றாண்டில் பிராங்கியரின் அரசர் சார்லமேன் அதை அரசாங்கச் சட்டமாக்கினார். பிரான்ஸ் 1789 புரட்சியில் அதை ஒழித்தது.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறு உண்டு. "நாம் கிருபையின்கீழ் இருக்கிறோம்" என்று சொல்லிக் கையை மடக்கிக்கொள்வது. 2 கொரிந்தியர் 9:7இல் பவுல் விசனத்தையும் கட்டாயத்தையும்தான் விலக்குகிறார், கொடுப்பதை அல்ல. மத்தேயு 23:23இலும் நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட பரிசேயரின் தசமபாகத்தை இயேசுத் தள்ளிவிடவில்லை. நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டதற்காகத்தான் கடிந்துகொள்கிறார்.

கடைசியாக, கணக்குக் கேட்பது அவிசுவாசம் என்று நினைப்பது. நெகேமியா 13இல், ஆலயத்தில் தசமபாகம் வைத்திருந்த பெரிய அறையை ஆசாரியனாகிய எலியாசிபே தன் உறவினன் தொபியாவுக்கு ஒதுக்கிக் கொடுத்திருந்தான். லேவியருக்குச் சேர வேண்டியது சேராததால் அவர்கள் தங்கள் வயல்களுக்கே ஓடிப்போயிருந்தார்கள். யூதாவின் அதிபதியாக இருந்த நெகேமியா தொபியாவின் தட்டுமுட்டுகளை வெளியே எறிந்தார், அறையைச் சுத்தம் செய்யச் சொன்னார், தலைவர்களைத்தான் முதலில் தட்டிக்கேட்டார். அதற்குப் பிறகே ஜனங்கள் தானியத்தைக் கொண்டுவந்தார்கள். பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பையும் உண்மையுள்ளவர்கள் என்று பெயரெடுத்த சிலரிடம் சேர்த்தே ஒப்படைத்தார். எருசலேமின் ஏழைகளுக்கான தொகையைப் பவுலும் தனியாகக் கொண்டுபோகவில்லை; சபைகள் தெரிந்தெடுத்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனார். ஒருவரும் தங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு என்று 2 கொரிந்தியர் 8இல் காரணத்தையும் அவரே எழுதுகிறார்.