நீராவிப் படகுக்கு முதலில் பாய்லர், பிறகுதான் படகு

மாதிரிப் படகு செய்கிறவர்கள் பெரும்பாலும் படகை இழைத்து, வண்ணமடித்து, அழகு பார்த்து முடித்த பிறகுதான் எஞ்சினை எங்கே திணிக்கலாம் என்று யோசிக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒல்லியான படகு, அதில் நெட்டையாக நிற்கும் பாய்லர். கொல்லைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டதும் ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிரவே இல்லை. இத்தனைக்கும் விக்கிரமசிங்கபுரத்து மில்லில் பாய்லர் பார்த்தே தலை நரைத்தவன் நான். அன்று முதல் எனக்கு வரிசை இதுதான்: பாய்லர், எஞ்சின், அவற்றைச் சுமக்கத் தக்க படகு.

பாய்லர் படுக்கைவசமாகவே இருக்கட்டும். என்னுடையது 75 மில்லிமீட்டர் விட்டம், 150 நீளம், 16 கேஜ், அதாவது ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புக் குழாய். அதன் நடுமையத்துக்குச் சற்றுக் கீழே 32 மில்லிமீட்டர் குழாய் ஒன்று முனைக்கு முனை நெடுக ஓடுகிறது. தீ எரிவது அதற்குள்தான். பழைய செம்புக் குடத்தை வெட்டிப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். தட்டித் தட்டி எங்கே எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று குடத்துக்கே தெரியாது. பித்தளையும் வேண்டாம், கொதிநீரில் அதன் துத்தநாகம் மெல்ல அரித்துப் போய், பார்வைக்கு முழுசாக இருப்பது உள்ளுக்குள் சொத்தையாகிவிடும். வால்வு திருகும் புஷ்களுக்கு, அதாவது மரையிட்ட வளையங்களுக்கு, வெண்கலம் போடுங்கள்.

இரு முனைத் தட்டுகளின் விளிம்பை மடிக்க ஒரு கட்டை தேவை. அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடையும் ஒரு கடைசல்காரர் தேக்கில் எனக்குக் கடைந்து கொடுத்தார். செம்பைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் இளகும். நாலு சுற்றுத் தட்டியதும் மறுபடி இறுகிவிடும். மறுபடி காய்ச்ச வேண்டும். எனக்கு ஒரு தட்டுக்கு ஐந்து முறை ஆயிற்று. கரி பிடித்ததைப் புளிக்கரைசலில் ஊறப்போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று வரும். பாத்திரம் துலக்குகிற வீட்டில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இணைப்புகள் எல்லாம் வெள்ளிப் பற்றுத்தான். ரேடியோக்காரர் வைக்கும் ஈயப் பற்று ஏறக்குறைய 183 டிகிரியில் உருகும். மூன்று கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) அழுத்தத்தில் நீராவியே 143 டிகிரியைத் தொடும். தண்ணீர் வற்றி, தீ மட்டும் எரிந்தால் மீதி 40 டிகிரியைக் கடக்க எத்தனை நொடி ஆகும்? வெள்ளிப் பற்று உருக 600 டிகிரிக்கு மேல் வேண்டும்.

25 லிட்டருக்குக் குறைந்த பாய்லரைச் சட்டம் கண்டுகொள்வதில்லை. நம்முடையது அரை லிட்டர். இன்ஸ்பெக்டர் வரமாட்டார் என்பதால் அந்த வேலையும் நம் தலையில்தான். பாய்லரைக் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீரால் நிரப்புங்கள். எல்லாத் துளைகளையும் அடைத்து, ஒன்றில் மட்டும் பிளம்பர்கள் குழாய் சோதிக்கும் கைப்பம்பைப் பொருத்துங்கள். ஓட்டப்போவது மூன்று கிலோவில் என்றால் ஆறு கிலோ வரை ஏற்றி, பத்து நிமிடம் பம்பின் அழுத்தமானி முள்ளைப் பாருங்கள். எனக்கு முதல் தடவை முள் நாலரையிலிருந்து மயிரிழை மயிரிழையாக இறங்கியது. வெளியே ஈரமே இல்லை. செய்தித்தாளைக் கிழித்து இணைப்புகள்மேல் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தேன். பிரஷர் கேஜ் திருகும் புஷ்ஷின் அடியில் கடுகளவு நனைந்தது. மறுபடி வெங்காரம், மறுபடி நெருப்பு. காற்றை அடைத்துச் சோதிக்கவே கூடாது. தண்ணீர் அமுங்காது; பாய்லர் பிளந்தாலும் ஒரு கசிவோடு முடியும். அமுங்கிய காற்று அப்படி விடாது, செம்பைச் சில்லாக எறியும்.

சேப்டி வால்வு மூன்று கிலோவில் திறக்க வேண்டும். திறந்தால் மட்டும் போதாது. நீராவிக் குழாயை மூடிவிட்டு முழுத் தீயில் வையுங்கள். வால்வு சீறிக்கொண்டிருக்கும்போதே முள் மேலே ஏறினால் அந்த வால்வு சிறியது, மாற்றுங்கள். பிரஷர் கேஜுக்குப் போகும் குழாயை ஒரு வளையம் சுற்றிக் கொண்டுபோங்கள். அந்த வளையத்தில் தண்ணீர் நின்றால் சுடுநீராவி கேஜுக்குள் நேரே நுழையாது.

எஞ்சினுக்கு என் யோசனை, சிலிண்டரே ஆடும் வகை. தனி வால்வுப் பொறி இல்லை; சிலிண்டர் ஆடும்போது துளைகள் தானாகத் திறந்து மூடும். இரண்டு சிலிண்டர், இருபுறமும் நீராவி தள்ளுவது, கிராங்குகள் 90 டிகிரி விலகல். இப்படி இருந்தால் எந்த நிலையில் நின்றாலும் தானே கிளம்பும். குளத்தின் நடுவில் போய் யார் சக்கரத்தைச் சுண்டிவிடுவது? நீராவி வரும் வழியில் ஓர் எண்ணெய்ச் சிமிழும் அவசியம். அதற்குள் நீராவி குளிர்ந்து நீராகி அடியில் இறங்க, மிதக்கும் எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் குழாய்க்குப் போகும். ஊற்ற வேண்டியது கெட்டியான ஸ்டீம் சிலிண்டர் ஆயில். மோட்டார் சைக்கிள் ஆயில் அல்ல. கழிவு நீராவியைப் புகைபோக்கிக்கு விடும் முன் ஒரு சின்ன டப்பா வழியே விட்டால் எண்ணெய் அங்கே தங்கும். அதே குளத்தில்தான் மாடு தண்ணீர் குடிக்கிறது.

படகு உடலைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பிளைவுட் சட்டம், மேலே கண்ணாடியிழை; நீளம் 95 சென்டிமீட்டர், அகலம் 24. மேல்தளத்தை மூடும் முன் தொட்டியில் மிதக்கவிட்டு, பாய்லருக்கும் எஞ்சினுக்கும் பதிலாக அதே எடையில் மணல் பைகளை வைத்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். பாய்லர் பையின் எடையில் தண்ணீரையும் சேருங்கள். மட்டமாக மிதக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, தண்டுகளை ஒரே கோட்டில் நிறுத்துவது. எஞ்சின் தண்டையும் சுழலி (புரொப்பெல்லர்) தண்டையும் முதலில் கண்ணால் பார்த்துச் சேர்த்தேன். எஞ்சின் முனகிக்கொண்டு நின்றுவிட்டது. விலகல் அரை மில்லிமீட்டர்தான். இப்போது செய்வது வேறு: இரு முனையிலும் துளையிட்ட நேரான பித்தளைத் துண்டு ஒன்றை லேத்தில் கடைந்து, இரண்டு தண்டுகளையும் அதில் செருகிவிடுகிறேன். அந்தத் துண்டு இருக்கும்வரை தண்டுகள் விலக வழியில்லை. அந்த நிலையிலேயே எஞ்சின் பீடத்தின் அடியில் தகடுகள் கொடுத்து எபாக்சி ஊற்றி இறுகவிட்டு, மறுநாள் துண்டை எடுத்துவிட்டு யுனிவர்சல் ஜாயின்ட் மாட்டுகிறேன். விரலால் சுண்டினால் இரண்டு சுற்றாவது தானாகச் சுழல வேண்டும்.

தீக்கு லைட்டரில் நிரப்பும் பியூட்டேன் போதும். வீட்டுச் சிலிண்டரிலிருந்து ஒருபோதும் நிரப்பாதீர்கள். அதில் புரப்பேனும் கலந்திருப்பதால் அழுத்தம் வேறு. பியூட்டேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடியில் குட்டையாகத் தேங்கிக் காத்திருக்கும். ஆகவே இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். கரையில், மேல்தளத்தைக் கழற்றி வைத்து, விசிறியால் உள்ளே நன்றாக வீசிவிட்டே பற்றவையுங்கள். தளத்தில் தாராளமாகத் துளை விடுங்கள். அழகுக்காக மூடினால் தீ மூச்சுத்திணறி அணையும். பாய்லரைச் சுற்றிச் செராமிக் கம்பளி, அதன்மேல் மெல்லிய தேக்குச் சிம்பு, பித்தளைப் பட்டை. எங்கள் காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றை வெறுங்கையால் சுற்றினோம். பரணில் மிச்சம் கிடந்தாலும் அதைத் தொடாதீர்கள்.

இனி, நான் யாரிடமும் விட்டுக்கொடுக்காத விஷயம். தண்ணீருக்கு முன் தீ தீர வேண்டும். 400 மில்லி ஊற்றுகிறேன். என் எஞ்சின் நிமிடத்துக்கு 12 மில்லி குடிக்கிறது. கரையில் கட்டிவைத்து ஓட்டி அளந்த கணக்கு இது. தீக்குழாயின் மேல்முதுகு எப்போதும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும் என்பதால் செலவழிக்கக் கூடியது 200 மில்லிதான். அதாவது பதினாறு நிமிடம். கேஸ் டப்பாவில் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் எரியாத அளவே நிரப்புகிறேன். மழைநீர் பிடித்து வைத்திருக்கிறேன். போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியும்.

1906-இல் வ.உ.சி. தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கம்பெனியின் நீராவிக் கப்பல்கள் இரண்டு, காலியா, லாவோ. என் படகுக்குக் காலியா என்றே பெயர் எழுதினேன். பேத்தி படித்துவிட்டு, "காலியா? எது காலி, தாத்தா?" என்றாள். அன்றிலிருந்து பற்றவைக்கும் முன் ஒவ்வொரு தடவையும் அவள் கேட்பாள், "காலியா?" நான் கண்ணாடிக் குழாயில் நீர்மட்டத்தைக் காட்ட வேண்டும்.

ஓட்டுவதற்குத் தை, மாசி காலை ஏழு மணி நல்லது. குளம் நிறைந்திருக்கும், காற்று எழுந்திருக்காது. ஆடியில் கணவாய்க் காற்று படகைப் பக்கவாட்டில் தூக்கிவிடும். ஆகாயத்தாமரை உள்ள பக்கம் போகவே வேண்டாம். வேர் சுழலியில் சுற்றினால் நீந்தித்தான் எடுக்க வேண்டும். முதலில் நீராவியை லேசாகத் திறந்தால் குளிர்ந்த சிலிண்டரிலிருந்து வெந்நீர் துப்பும். துப்பி முடிந்து சத்தம் சீராகும்வரை கையிலேயே பிடித்திருங்கள்.

ஓட்டம் முடிந்து முள் பூச்சியத்துக்கு வந்ததும் நிரப்பும் மூடியைத் தளர்த்திவிடுங்கள். மூடியபடியே ஆறவிட்டால் பாய்லருக்குள் வெற்றிடம் உண்டாகி, சிமிழிலுள்ள எண்ணெயை உள்ளே இழுத்துவிடும். ஆறியபின் மீதித் தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றுவது பேத்தியின் வேலை. போன ஞாயிற்றுக்கிழமை 245 மில்லி இருந்தது.