நோய் வருமுன் மருத்துவக் காப்பீடு: எப்போது எடுப்பது, எதைக் கவனிப்பது

மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு முதன்முதலாக வருவது, இரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஏதோ ஓர் எண் வரம்பைத் தாண்டியிருப்பதைப் பார்த்த பிறகுதான். அன்றைக்கும் பாலிசி கிடைக்கக்கூடும். ஆனால், அந்த அறிக்கை கைக்கு வருவதற்கு முன்பு கிடைத்திருக்கக்கூடிய நிபந்தனைகளில் கிடைக்காது.

இந்தியாவில் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் இன்றைய விதிகளின்படி, பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவர் கண்டறிந்த நோயும், அக்காலத்தில் சிகிச்சையோ ஆலோசனையோ பெறப்பட்ட நோயும் 'முன்பே இருந்த நோய்' ஆகும். அத்தகைய நோய்க்கான செலவை நிறுவனம் அதிகபட்சம் 36 மாதங்கள் வரை ஏற்க மறுக்கலாம். 2024 ஏப்ரலுக்கு முன்பு இந்த வரம்பு 48 மாதங்களாக இருந்தது. காத்திருக்க வைப்பதோடு, பிரீமியத்தின் மேல் 'லோடிங்' என்ற கூடுதல் தொகையை விதிக்கவும், நோய் கடுமையானதாக இருந்தால் விண்ணப்பத்தையே நிராகரிக்கவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு.

ஒருவர் 29 வயதில், எந்த நோயும் இல்லாதபோது பாலிசி எடுத்து, இடைவெளியின்றிப் புதுப்பித்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 38 வயதில் அவருக்குச் சர்க்கரை நோய் தெரியவந்தால், அது பாலிசிக்குப் பின் வந்த நோய். அதனால் சிறுநீரகமோ இதயமோ பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சேர நேர்ந்தாலும் முன்பே இருந்த நோய் என்ற காரணத்தைக் காட்டி அவருடைய க்ளெய்மை, அதாவது சிகிச்சைச் செலவைக் கேட்கும் கோரிக்கையை, மறுக்க முடியாது. அதே நோயுடன் 38 வயதில் முதல் பாலிசி எடுப்பவரோ, மிகவும் தேவைப்படும் மூன்று ஆண்டுகளை அந்தப் பாதுகாப்பு இல்லாமலே கடக்க நேரலாம். பிரீமியத்தில் மிச்சமாகும் பணத்தைவிட, சீக்கிரம் எடுப்பதற்கு இதுவே வலுவான காரணம் என்பது என் உறுதியான கருத்து.

முழு உடல்நலத்தோடு எடுத்தாலும் சில காத்திருப்புகள் உண்டு. விபத்து நீங்கலாக, முதல் 30 நாட்களுக்குப் பொதுவாக எந்தச் சிகிச்சைக்கும் பணம் கிடைக்காது. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்ற பட்டியலிட்ட சிகிச்சைகளுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இவை ஓடி முடிய வேண்டியது நாம் நலமாக இருக்கும் ஆண்டுகளில்தான்.

தொடங்கும்போதே போதுமான காப்பீட்டுத் தொகையைத் தேர்ந்தெடுங்கள். பிற்பாடு உயர்த்திக்கொள்ளலாம், ஆனால் உயர்த்தும் பகுதிக்குக் காத்திருப்புக் காலம் புதிதாகத் தொடங்கும், அதற்குள் நோய் வந்திருந்தால் நிறுவனம் உயர்த்த மறுக்கவும் கூடும். அறை வாடகைக்கு உச்சவரம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். வரம்பைவிட விலை கூடிய அறையில் தங்கினால் வாடகையின் வித்தியாசம் மட்டுமல்ல, மருத்துவர் கட்டணம் போன்ற பிற செலவுகளும் அதே விகிதத்தில் குறைக்கப்படலாம்.

பாலிசிக்கு விண்ணப்பிக்க நிரப்பும் முன்மொழிவுப் படிவம்தான் மிகுந்த கவனம் தேவைப்படும் இடம். இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் ஒரே ஒரு மாத்திரை, தைராய்டு, பழைய அறுவை சிகிச்சை, புகைப்பழக்கம் என அனைத்தையும் எழுதிவிட வேண்டும். 'இதையெல்லாம் குறிப்பிட வேண்டாம்' என்று ஏஜென்ட் சொன்னால் ஏற்காதீர்கள். படிவத்தை அவர் நிரப்பினாலும் பொறுப்பு கையெழுத்திடுபவருடையது. 60 மாதங்கள் தொடர்ந்து காப்பீட்டில் இருந்தபின், நோயைச் சொல்லவில்லை என்பதைக் காட்டி க்ளெய்மை மறுக்க முடியாது என்ற விதியை நம்பிச் சிலர் மறைக்கிறார்கள். ஆனால் மோசடி நிரூபிக்கப்பட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை. அந்த ஐந்து ஆண்டுகளுக்குள்ளேயே மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், மறைத்ததைக் காட்டி நிறுவனம் க்ளெய்மை மறுக்கலாம், கட்டிய பிரீமியமும் பயனற்றுப் போகும். பாலிசி ஆவணம் வந்ததும் அதிலுள்ள உடல்நல விவரங்களை வரிக்கு வரி சரிபாருங்கள். திருப்தி இல்லையென்றால் 30 நாட்களுக்குள் பாலிசியைத் திருப்பியளித்து, சில கழிவுகள் போக மீதிப் பிரீமியத்தைப் பெறலாம்.

அலுவலகக் குரூப் பாலிசியில் முன்பே இருந்த நோய்க்கும் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு கிடைப்பதால், தனிப் பாலிசி எதற்கு என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். வேலை போகும் நாளில் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். அப்போது வயதும் நோயும் கூடியிருக்கும். ஆகவே, குரூப் பாலிசி இருக்கும்போதே சிறிய அளவிலாவது ஒரு தனிப் பாலிசியைத் தொடங்கிவிட வேண்டும். குடும்பம் முழுவதும் ஒரே காப்பீட்டுத் தொகையைப் பகிர்ந்துகொள்ளும் குடும்ப ஃப்ளோட்டரில் பெரும்பாலும் மூத்த உறுப்பினரின் வயதே பிரீமியத்தைத் தீர்மானிப்பதால், பெற்றோருக்குத் தனியாக எடுப்பது நல்லது.

எடுத்த பாலிசியை விட்டுவிடாமல் காப்பதும் எடுப்பதைப் போலவே முக்கியம். ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் கட்டினால் காத்திருப்பில் கழித்த காலம் வீணாகாது. ஆனால் பணம் கட்டாத அந்த இடைப்பட்ட நாட்களில் ஏற்படும் சிகிச்சைக்குப் பணம் எதிர்பார்க்க முடியாது. அதையும் தாண்டிக் காலாவதியானால், இத்தனை ஆண்டுகள் சேர்த்த தொடர்ச்சி அறுந்துவிடும். நிறுவனம் பிடிக்கவில்லையென்றால் பாலிசியை நிறுத்திவிட்டுப் புதிதாக எடுக்காதீர்கள். புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாட்கள் முன்னதாகவே 'போர்ட்டபிலிட்டி'க்கு, அதாவது பாலிசியை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வதற்கு, விண்ணப்பியுங்கள். புதிய நிறுவனம் ஏற்றுக்கொண்டால், பழைய காப்பீட்டுத் தொகை அளவுக்கு, கழித்த காத்திருப்புக் காலம் உங்களுடனேயே வரும். ஏற்கும் முடிவு எழுத்தில் கைக்கு வரும்வரை பழைய பாலிசியை விட்டுவிடக் கூடாது.