போர்டு எழவில்லையா? ஃபிளாஷை அழிக்கும் முன் இதைப் பாருங்கள்

லினக்ஸ் ஓடும் சிறிய போர்டு பாதியில் நின்றுவிட்டால், புதிதாகக் கற்பவரின் கை முதலில் போவது அழிக்கும் கட்டளைக்குத்தான். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். பழுதின் தடயமெல்லாம், மின்சாரம் போனாலும் தரவைக் காக்கும் அந்த ஃபிளாஷ் சிப்புக்குள்தான் இருக்கிறது.

படி 1: சீரியல் கன்சோலை (போர்டின் செய்திகளைக் கணினியில் காட்டும் கம்பி இணைப்பு) இணைத்து, மின்சாரம் கொடுத்த கணத்திலிருந்து வரும் செய்திகளைக் கோப்பில் சேமியுங்கள். சாதனப் பெயர் எம்எம்சிபிளாக் என்று தொடங்கினால் அது இ-எம்எம்சி (கண்ட்ரோலருடன் சேர்ந்து வரும் ஃபிளாஷ் சிப்) அல்லது எஸ்டி கார்டு. எம்டிடி என்று வந்தால் பெரும்பாலும் நார் அல்லது நேண்ட் என்ற வெறும் ஃபிளாஷ் சிப். இ-எம்எம்சிக்குள் இருக்கும் கண்ட்ரோலர் கெட்ட பிளாக்குகளை (ஒரே தடவையில் அழிக்கப்படும் பகுதிகளில் பழுதானவை) தானே ஒதுக்கிவிடும். வெறும் நேண்டில் அந்தப் பாரம் முழுக்க மென்பொருளின் தலையில் விழுகிறது. அதனால் இனி வரும் படிகளில் நேண்டைப் பற்றியே அதிகம் பேசுகிறேன்.

படி 2: சேமித்த செய்திகளில் நேண்டைப் படிக்கும்போது வந்த பிழை எண்ணைப் பாருங்கள். ஆர்ம் போர்டுகளில் -117 என்றால் புரண்ட பிட்டுகள் திருத்தப்பட்டுவிட்டன, தரவு பத்திரம். -74 என்றால் திருத்த முடியவில்லை.

படி 3: -74 எங்கெல்லாம் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இங்கே அவசரப்படாதீர்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பிளாக்குகளில் மட்டும் வந்தால், சிப் தேய்ந்திருக்கலாம். எழுதும்போது மின்சாரம் அறுந்திருக்கலாம். ஒரு பகுதியின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வந்தால், சிப்பைக் குறை சொல்வதற்கு முன் எழுதிய மென்பொருளும் படிக்கும் மென்பொருளும் ஒரே பிழைதிருத்த முறையைப் பயன்படுத்துகின்றனவா என்று பாருங்கள்.

ஒரு போர்டில் இதையே நான் இரண்டு நாள் தேடினேன். யூ-பூட்டிலிருந்து (லினக்ஸை ஏற்றிவிடும் தொடக்க நிரல்) எழுதிய பகுதியை லினக்ஸ் படிக்க மறுத்தது, பக்கத்துக்குப் பக்கம் -74. பிழைதிருத்தத்தை நிறுத்திவிட்டு நேண்ட்டம்ப் கருவியால் அப்படியே படித்தேன். முதல் நான்கு பைட்டுகள் 55 42 49 23. யூபிஐ (UBI) என்பது வெறும் ஃபிளாஷின் பிளாக்குகளை நிர்வகிக்கும் லினக்ஸ் அடுக்கு; அதன் ஒவ்வொரு பிளாக்கின் தலைப்பிலும் இருக்க வேண்டிய அதே முத்திரை! தரவு குலையாமல் இருந்தது. யூ-பூட் 1 பிட் பிழையைத் திருத்தும் ஹாமிங் முறையில் எழுத, லினக்ஸின் மையமான கெர்னல் 8 பிட் வரை திருத்தும் பிசிஎச் முறையில் சரிபார்த்திருக்கிறது. பரவலான ஒரு நேண்ட் அமைப்பில், 2048 பைட் பக்கம் ஒவ்வொன்றுக்கும் 64 பைட் உதிரி இடம் உண்டு. திருத்தக் குறியீடு அங்கேதான் உட்காரும். அந்த 64 பைட்டை எப்படிப் பங்கிடுவது என்பதில் இருவரும் ஒத்துப்போக வேண்டும். கெர்னலின் சாதன விவரக் கோப்பில் (டிவைஸ் ட்ரீ) முறையை மாற்றியதும் போர்டு எழுந்தது.

படி 4: மீண்டும் எழுத வேண்டியிருந்தால், முதலில் உதிரி இடத்தையும் சேர்த்து முழு நகல் எடுத்து வேறு கணினியில் வையுங்கள். பிறகு சரியான கருவியைத் தேர்ந்தெடுங்கள். தரவை அப்படியே நகலெடுக்கும் டிடி கட்டளை வேண்டாம். கெட்ட பிளாக்கைத் தாண்டிப் போக அதற்குத் தெரியாது. யூபிஐ பகுதிக்கு யூபிஐஃபார்மேட் பொருத்தம். ஒவ்வொரு பிளாக்கும் எத்தனை முறை அழிக்கப்பட்டது என்ற கணக்கை அது காப்பாற்றும். மற்றவற்றுக்கு ஃபிளாஷ் எரேஸால் அழித்துவிட்டு நேண்ட்ரைட்டால் எழுதுங்கள்.

யூ-பூட்டில் நேண்ட் ஸ்கிரப் என்றொரு கட்டளை உண்டு. பிடிவாதமான பிழையைக் கண்டு சலித்தவர்கள் அதை அடித்துவிடுகிறார்கள். தொழிற்சாலையிலேயே கெட்டவை என்று குறித்து அனுப்பிய பிளாக்குகளின் அடையாளத்தையும் அது துடைத்துவிடும். எந்தப் பிளாக்கை நம்பக் கூடாது என்ற பட்டியலை நீங்கள் எழுதி வைத்திருக்காவிட்டால், அதை மீட்க வழியே இல்லை.

படி 5: இ-எம்எம்சி என்றால் வேலை சுலபம். 5.0 பதிப்பு முதல் அந்தச் சிப்பே தன் ஆயுளைச் சொல்கிறது. எம்எம்சி கருவியால் அதன் நீட்டித்த பதிவேட்டைப் படித்து, ஆயுள் மதிப்பீட்டைப் பாருங்கள். 1 என்றால் தேய்மானம் 10 சதவீதத்துக்குள். 10 என்றால் 90 முதல் 100 வரை. 11 வந்துவிட்டால் மதிப்பிட்ட ஆயுள் கடந்துவிட்டது. அந்தப் போர்டில் எதையும் எழுதிப் பார்க்காமல், தரவை அன்றே வெளியே எடுத்துவிடுங்கள்.